வளரும் குடும்பத்துக்குப் பழைய கார்: பின்கதவைத் திறந்து தேடத் தொடங்குங்கள்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வண்டியின் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கிரில், ஹெட்லைட், பானெட் மேல் இருக்கும் சின்னம், பெயின்ட்டின் மினுமினுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக ஓட்டிவிட்டு வருவதற்கு அது போதும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், கூடவே தாத்தா பாட்டி என்றால், முதலில் திறந்து பார்க்க வேண்டியது பின்கதவை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே குனிய முடிகிறதா, முட்டி வலிக்காரர் ஏறி இறங்க முடிகிறதா, சீட் பெல்ட் மாட்ட உறுதியான இடம் இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் தரைத் தகடு இன்னும் தகடாகவே இருக்கிறதா. இந்த நான்கில் தேறாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் குடும்பத்துக்கு ஆகாது.

தமிழ்நாட்டில் இந்தக் கண்ணோடு தேடினால் நடைமுறையில் கைக்கு எட்டுபவை நாலைந்துதான். சென்னையிலேயே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மேல் பலருக்குத் தனிப் பாசம் உண்டு. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே வந்தது. ஆனால் 948 சி.சி. என்ஜினும் குறுகிய பின் சீட்டும் குடும்பச் சுமைக்குப் போதாது. அதன் பின்புற ஆக்சில் அமைப்பில், வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடியப் பார்க்கும். உதிரிபாகமும் அபூர்வம். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கான்டெசா நீளமான, சொகுசான வண்டி, டிக்கியும் பெரியது. 2002-ல் உற்பத்தி நின்ற பிறகு முன் கண்ணாடி, விளக்கு, பீடிங் போன்ற வெளிப்புறச் சாமான்களுக்கு அலைய வேண்டியிருக்கிறது. மாருதி 800-க்குச் சாமான் கவலை கிடையாது, மைலேஜும் உண்டு. ஆனால் பின்னால் இரண்டு குழந்தை இருக்கைகளை வைத்தபின் நடுவில் பாட்டிக்கு இடமில்லை.

பிரீமியர் பத்மினியை எளிதில் ஒதுக்க மாட்டேன். 1089 சி.சி., எடை குறைவு, தெருவில் திருப்ப லகு, பழகிவிட்டால் ஸ்டீயரிங்கை ஒட்டிய கை கியரும் சிரமமில்லை. இரண்டு சிறு பிள்ளைகள் வரை தாராளம். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வுபெற்றது. டாக்சிகள் ஓடும்வரை சாமான் தானாக வந்துகொண்டிருந்தது, இனி அந்த வரத்தை நம்ப முடியாது. இதே குடும்பத்தின் மூத்த ஃபியட் 1100 வண்டிகளில் ஒன்றைக் கவனியுங்கள்: முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். ஓடும்போது அந்தக் கதவு லேசாக விலகினால் காற்றே அதை முழுக்கத் திறந்துவிடும். குழந்தைகள் ஏறும் வண்டிக்கு அது வேண்டாம்.

மிச்சம் அம்பாசடர். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து, கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1958 முதல் 2014 மே வரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது. உயரமான கூரை, அகலமாகத் திறக்கும் கதவு, நாற்காலி உயரத்துக்கு ஒரு சீட். முதியவர் ஏறும்போது வண்டிக்குள் 'இறங்க' வேண்டியதில்லை, உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் இதைத் தொட்டுப் பார்க்காத மெக்கானிக் பழைய தலைமுறையில் கிடையாது. குடும்பத்துக்கு என்று யார் கேட்டாலும் என் பதில் அம்பாசடர்தான். ஆனால் எந்த அம்பாசடர் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஆசை எல்லாருக்கும் ஆரம்பகால மார்க் 1, மார்க் 2 மேல். குடும்பம் தினமும் ஏறுவதற்கு அவை வேண்டாம் என்பேன். 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) என்ஜின் தரும் 50 குதிரைத்திறனை ஒட்டிய சக்தி, ஐந்து பேரும் ஏ.சி.யும் சேர்ந்தால் மேட்டில் திணறும். நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக், விபத்தில் மடியாத ஸ்டீயரிங் தண்டு, சீட் பெல்ட் இல்லாத பெஞ்ச் சீட். அழகு இருக்கிறது, கோயில் குளத்துக்கு மெதுவாகப் போய்வரலாம். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் ஓட வேண்டுமானால் 1990-களில் வந்த 1800 ஐ.எஸ்.இசட். பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். 1817 சி.சி. இசுசு என்ஜின், 75 குதிரைத்திறன், ஐந்து கியர், கியர் லிவர் தரையில். முகம் அதே முகம், உள்ளே வேறு வண்டி. ஏ.சி. போட்டாலும் மூச்சு வாங்காது. பிற்கால வண்டிகள் சிலவற்றில் முன்பக்க டிஸ்க் பிரேக்கும் பூஸ்டரும் உண்டு. வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் விற்பவர் சொல்வதைக் கேட்காமல் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்ற கேள்விக்குத் தேதியோடு பதில் வராவிட்டால், வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

டீசல் அம்பாசடர் நிறையக் கிடைக்கும், விலையும் படியும். சத்தமும் அதிர்வும் கைக்குழந்தையைத் தூங்க விடாது. தவிர, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெட்ரோல் அம்பாசடரில் மெட்டாடர் டீசல் என்ஜினை ஏற்றி ஓட்டியவர்கள் பலர். அதை ஆர்.சி.யில் ஏற்றாமலே விட்டவர்களும் உண்டு. ஆர்.சி.யில் எரிபொருள் பெட்ரோல் என்றும், பானெட்டுக்குள் டீசல் என்றும் இருந்தால் பேரம் பேசக்கூட நிற்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அனுமதியில்லாத மாற்றம் அது. எஃப்.சி. காட்டும்போதும் சிக்கல், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

வண்டி பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: அளவு டேப், டார்ச், துணி சுற்றிய சிறு காந்தம், மொக்கையான ஸ்க்ரூடிரைவர், பழைய பெட்ஷீட். வீட்டில் குழந்தை இருக்கை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு போங்கள். சாதாரணமான ஒரு குழந்தை இருக்கை 44, 45 செ.மீ. அகலம் இருக்கும். மூன்றை வரிசையாக வைக்க வேண்டுமானால் பின் சீட்டில் கதவுக்குக் கதவு 135 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். இதைத் தோள் மட்டத்தில் அளக்காதீர்கள். சீட் மட்டத்தில், ஆர்ம்ரெஸ்ட்டும் கதவுக் கைப்பிடியும் துருத்தும் இடத்தில் அளக்க வேண்டும். கைக்குழந்தைக்கான பின்னோக்கிய இருக்கை என்றால், முன் சீட்டை ஓட்டுநரின் நிலையில் வைத்துவிட்டு அதை உள்ளே வைத்துப் பாருங்கள். உயரமான ஓட்டுநருக்குப் பின்னால் பெரும்பாலும் அது உட்காராது, இடப்பக்கம்தான் வைக்க வேண்டிவரும். குழந்தை வண்டியை மடித்து டிக்கியில் போட்டுப் பார்ப்பதும் அங்கேயே முடிந்துவிடட்டும்.

அடுத்து துரு. அம்பாசடருக்குத் தனி சேஸ் கிடையாது, உடலே எலும்பு. ஆகவே தகடு போனால் வலு போயிற்று. என்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் செய்யலாம், சாமான் கிடைக்கும். அழுகிய தரையை ஒழுங்காகக் கட்டுவதற்கு நல்ல டிங்கர் வேண்டும், அவர் கை கிடைப்பதுதான் இன்றைக்கு அரிது. என்ஜின் ஆயில் அடிக்கிற, ஆனால் தகடு சுத்தமாக இருக்கிற வண்டியையும், என்ஜின் பட்டுப்போல் ஓடி தரை ஓட்டையாக இருக்கிற வண்டியையும் ஒரே விலைக்குக் கொடுத்தால், நான் முதல் வண்டியை எடுப்பேன்.

பார்க்கும் வரிசை இது. ஓட்டுநர் காலடி விரிப்பைத் தூக்குங்கள். அதற்குக் கீழே ரெக்சினோ தார் ஷீட்டோ ஒட்டியிருந்தால் ஓரத்தை உரிக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் கிளம்பிவிடலாம். தகட்டில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீர் என்று பேசும். துருத் தகடும் மேலே ஒட்டுப் போட்ட தகடும் மந்தமாகப் பேசும். பின்பு பெட்ஷீட்டை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைகளும் உடலோடு சேரும் இடம், முன்பக்க டார்ஷன் பார் பின்னால் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம். இந்த நான்கிலும் துரு உரிந்து செதிலாக வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கறுப்பு அண்டர்கோட் புதிதாக, வழவழவென்று பூசியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பத்து ஆண்டு முன்பு பூசியதில் கல் அடித்த தழும்பு இருக்கும். நேற்று பூசியதில் இருக்காது.

மேலே வந்து, கதவின் கீழ் விளிம்பில் விரலை ஓட்டுங்கள். மழைநீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் கதவு உள்ளிருந்து அழுகும். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அதன் பள்ளத்தைப் பாருங்கள். முன் சக்கர வளைவின் பின்பகுதியிலும், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகளிலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே பட்டி, அதாவது பள்ளத்தையும் ஓட்டையையும் மூடும் பூச்சு. ஓரிரு இடத்தில் பட்டி இருப்பது ஐம்பது வருட வண்டிக்கு இயல்பு. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கோடு போட்டதுபோல் பட்டி இருந்தால், அடிப்பாகம் முழுதும் அழுகி, மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊர் பார்த்து வாங்குவதில் உண்மை இருக்கிறது. கோவை, ஈரோடு, கரூர், சேலம் பக்கத்து வண்டிகள் கடற்காற்று படாதவை. ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னையின் கடற்கரைப் பகுதிகளில் வெளியில் நின்ற வண்டி என்றால் மேலே சொன்ன சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். சென்னை வண்டியில் இன்னொன்று, 2015, 2023 வெள்ளம். பின் சீட்டு ஸ்பிரிங்குகளின் அடியிலும், டாஷ்போர்டுக்குப் பின்னால் வயரிங் கட்டுகளின் மேலும் மெல்லிய வண்டல் படிந்திருந்தால் வண்டி நீரில் நின்றது.

என்ஜின் சோதனைக்கு வருமுன் விற்பவருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நான் வருமுன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த நொடியில் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு கைடு தேய்மானம். ஓட்டும்போதும் தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங், பிஸ்டன் வேலை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ஆயில் மூடியின் உள்பக்கம் பால் விட்ட காபி நிறத்தில் படலம் இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீர் ஆயிலில் கலக்கிறது. பி.எம்.சி. என்ஜினில் ஆயில் பிரஷர் நன்கு சூடான பிறகு ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. அளவிலும், ஐடிலில் 15-க்குக் குறையாமலும் நிற்க வேண்டும். கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டைக் கழற்றும் செலவையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பழைய பி.எம்.சி. என்ஜினின் எக்சாஸ்ட் வால்வு இருக்கைகளுக்கு, அதாவது வால்வு மூடும்போது உட்காரும் இடத்துக்கு, ஒரு தனிக்கதை உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுவிட்டது. அதுவரை அந்த ஈயம்தான் வார்ப்பிரும்பு இருக்கைக்குக் காப்பாக இருந்தது. அது போனபின், நீண்ட தூரம் வேகமாக ஓடும் வண்டியில் வால்வு மெல்ல மெல்ல இருக்கைக்குள் புதைகிறது. 0.015 அங்குலம் வைத்த டாப்பெட் இடைவெளி எக்சாஸ்ட்டில் மட்டும் அடிக்கடி குறைந்துகொண்டே போனால் இதுதான் காரணம். ஹெட் கழற்றும் வாய்ப்பு வரும்போது கடினப்படுத்திய இருக்கை வளையம் நான்கு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது அரைமணி நேரமாவது ஓட்டுங்கள். பி.எம்.சி. கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (பற்சக்கர வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது, உருளும்போது முதல் கியர் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். இரண்டாவதும் கரகரத்தால்தான் தேய்மானம். மூன்றாவதில் வேகமெடுத்து ஆக்சிலரேட்டரை விடும்போது கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டும். காலியான மைதானத்தில் 40 கி.மீ. வேகத்தில், ஸ்டீயரிங்கை இறுக்காமல் பிடித்து பிரேக் அடியுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தச் சக்கரத்தின் எதிர்ப்பக்க வீல் சிலிண்டர் ஒழுகுகிறது அல்லது ஷூவில் ஆயில் பட்டிருக்கிறது. நின்றபின் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போயிற்று. ஓட்டி முடித்து என்ஜினை நிறுத்தி கால்மணி நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நம் வெயிலில் பெட்ரோல் லைன் சூடேறி ஆவி அடைக்கும் வண்டி அப்போதுதான் அகப்படும்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிந்தால், சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின், ட்ரன்னியன் பகுதி தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் ஆட்டினால் தெரிவது டை ராடு முனை அல்லது ஸ்டீயரிங் ராக். முதலாவதை அலட்சியப்படுத்தக் கூடாது. கிரீஸ் இல்லாமல் தேய்ந்து உடைந்தால் சக்கரம் அப்படியே மடங்கும். கிரீஸ் நிப்பிள்கள் காய்ந்து மண் படிந்திருந்தால், பழைய உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1500 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் கன் பிடிக்க வேண்டிய வண்டி இது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். ரேடியலையும் பழைய நைலான் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள்.

காகிதம். 1989-க்கு முந்தைய மூன்றெழுத்து எண் கொண்ட வண்டிகள் பலவற்றின் விவரம் அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் இருக்காது. பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பேரேட்டைப் பார்த்து பேக்லாக் என்ட்ரி போட்டு, அதாவது விவரத்தைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் பெயர் மாற்றமே நடக்கும். அந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்தபின் முழுப் பணம் கொடுங்கள். படிவம் 29, 30 பெயர் மாற்றத்துக்கு, கடன் இருந்திருந்தால் 35, வெளிமாநிலத்திலிருந்து வந்தால் 28-ல் தடையில்லாச் சான்று. டில்லியில் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்தபின் அங்கிருந்து துருவில்லாத அம்பாசடர்கள் மலிவாக வந்தன. வாங்குமுன் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு ரத்தான வண்டி காட்சிப் பொருள்தான். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய், 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

50 ஆண்டைத் தாண்டிய வண்டி என்றால், 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' பதிவு செய்துகொள்ளலாம் என்று ப்ரோக்கர்கள் ஆசை காட்டுவார்கள். 20,000 ரூபாய் கட்டினால் பத்தாண்டுக்குப் பதிவு, பெருமையான எண் தகடு. ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக வாங்கும் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதில் ஏற்கெனவே போய்விட்ட வண்டியையும் வாங்காதீர்கள். இன்சூரன்ஸில், ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசி முடிவுசெய்யலாம். செய்த வேலைகளின் பில்லையும் படங்களையும் காட்டி, மதிப்பை எழுத்தில் வாங்குங்கள்.

இனி பெல்ட். 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தை விடுங்கள். அம்பாசடரின் இரும்பு டாஷ்போர்டையும் கெட்டியான கதவையும் பார்த்து 'ஸ்ட்ராங்கான வண்டி' என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோதலில் வண்டி நசுங்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழுதும் உள்ளே இருப்பவர் மேல்தான் இறங்கும். அதனால் பின் சீட்டின் இரு ஓரத்திலும் மூன்று முனை பெல்ட் போடாமல் குழந்தையை ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

போடும் முறை இதுதான். பின் சீட்டைக் கழற்றி, தரையில் இரண்டு முனை, பின்கண்ணாடித் தூணில் ஒரு முனை என்று ஒவ்வொரு இருக்கைக்கும் மூன்று இடம் குறிக்க வேண்டும். மேல் முனை பயணியின் தோளுக்கு மேலே இருக்க வேண்டும். தோளுக்குக் கீழே வைத்தால் மோதலின்போது பெல்ட் தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். ஒவ்வொரு முனைக்கும் பின்னால் 3 மி.மீ. தடிமனில், உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு, மூலைகளை உருட்டி, சுற்றிலும் வெல்டிங். நல்ல தகட்டோடுதான் வெல்ட் செய்ய வேண்டும், துருப்பிடித்த தரையில் ஒட்டினால் முதல் இழுப்பிலேயே பிய்த்துக்கொண்டு வரும். தகட்டின் பின்னால் நட் பற்ற வேண்டும். பெல்ட்டுகளோடு வரும் போல்ட் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அது தொலைந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதா போல்ட்டைப் போடாதீர்கள், உயர்தர ஹை-டென்ஸைல் போல்ட்தான் போட வேண்டும். சுருள் பெல்ட் வாங்கினால், அந்தச் சுருள் பெட்டியைக் கம்பெனி சொன்ன கோணத்தில், பெரும்பாலும் நேர்செங்குத்தாக, பொருத்த வேண்டும். உள்ளே இருக்கும் குண்டோ ஊசலோ சாய்வை வைத்துத்தான் பூட்டுகிறது. சாய்த்து மாட்டினால் ஒன்று எப்போதும் பூட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வேண்டிய நேரத்தில் பூட்டாது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட்டைச் சென்னையின் பழைய சாமான் சந்தையான புதுப்பேட்டையில் மலிவாகத் தருவார்கள். விபத்தில் இழுபட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. புதிதே வாங்குங்கள்.

நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டும் போட முடிந்தால், அங்கே பெரியவர் உட்காரட்டும். குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கையை இடுப்பு பெல்ட்டோடு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. குழந்தை இருக்கையை நேரடியாக மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பழைய வண்டிகளில் கிடையாது என்பதால், பெல்ட்டாலேயே கட்டக்கூடிய, இந்தியத் தர முத்திரையான ஏ.ஐ.எஸ். 072 அல்லது ஐரோப்பிய ஆர்44 முத்திரை உள்ள குழந்தை இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். கை கியர் வண்டியின் முன் பெஞ்சில் மூன்று பேர் உட்கார இடம் இருக்கும், அதற்காக நடுவில் குழந்தையை வைக்காதீர்கள். ஆர்.சி.யில் எழுதிய இருக்கை எண்ணிக்கைதான் கணக்கு.

பழைய மாடல்களின் பின்கதவில் சைல்டு லாக் இல்லை. கதவுக் கீலும் பூட்டுக் கொக்கியும் தேய்ந்திருந்தால் வேகத்தடையில் குதிக்கும்போது கதவே திறந்துகொள்ளும். கதவை மூடும்போது இரண்டு 'கிளிக்' கேட்க வேண்டும், இரண்டாவது கிளிக்கில்தான் முழுதாகப் பூட்டுகிறது. முன் கண்ணாடி லேமினேட்டடா (உடைந்தாலும் சிதறாததா) என்று மூலையில் உள்ள எழுத்தைப் பாருங்கள், இல்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

புகை பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து ஓடும்போது வண்டிக்குள் அழுத்தம் குறைந்து, டிக்கியின் தேய்ந்த ரப்பர் வழியாகவும் தரையில் ரப்பர் மூடி விழுந்த துளைகள் வழியாகவும் சைலன்சர் புகை உள்ளே வரும். பின் சீட்டில் தூங்கும் பிள்ளைக்குத்தான் அது முதலில் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. டிக்கி ரப்பரைப் புதிதாகப் போட்டு, ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், எங்கேயும் லேசாக வரக்கூடாது. தரைத் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்து, சைலன்சர் குழாயின் இணைப்புகளையும் பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதனால் உப்புத்தாள் வேலையை வீட்டு வாசலில் செய்ய விடாதீர்கள், பட்டறையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கட்டும். பிரேக் ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோல் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய், பம்ப் டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இதில் ஊறி, வெடித்து, ஒழுகும். சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பிடிக்க வேறென்ன வேண்டும். வாங்கிய உடனே டாங்கியிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பரையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றுங்கள், கிளிப்பையும் சேர்த்து. என்ஜின் ஏறும்போது திணறினால் சோலெக்ஸ் கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டாங்கி பாதியாக இருக்க விடாதீர்கள். காலி இடத்தில் சேரும் ஈரத்தை எத்தனால் இழுத்து, தண்ணீர் அடியில் தங்கி டாங்கி துருப்பிடிக்கும். ஒரு கிலோ ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பானை டிக்கியில் போட்டுவைக்காமல் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் கிளிப் போட்டு மாட்டுங்கள்.

பணத்தை முழுக்க வண்டி விலைக்கே கொடுத்துவிட்டால் பெயின்ட்டோடு நின்றுபோகும். கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காவது வேலைக்கு ஒதுக்கிவையுங்கள். வேலையின் வரிசை: முதலில் பிரேக் முழுதும், மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், புது ஃப்ளூயிட். அடுத்து டயர், பெட்ரோல் குழாய், சீட் பெல்ட். பிறகு வயரிங். பழைய வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியில் இரண்டு மூன்று ஃபியூஸ்தான் இருக்கும், ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு ஃபியூஸ் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். டைனமோ இருந்தால் ஆல்டர்னேட்டராக மாற்றுங்கள், ஏ.சி. போடும் எண்ணம் இருந்தால் இது கட்டாயம். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, மெக்கானிக் கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டை மறுபடி போட்டு, எலெக்ட்ரிக் ஃபேன் ஒன்று சேர்த்துவிட்டால் நெரிசலில் கொதிக்காது. அதன் பிறகு ஏ.சி. பெயின்ட் கடைசி. முதலில் பெயின்ட் அடித்துவிட்டு பிறகு பெல்ட்டுக்கு வெல்டிங் செய்தால் அடித்த பெயின்ட் எல்லாம் பொரிந்துபோகும்.

முதல் சில மாதம் ஊர் எல்லைக்குள் ஓட்டிப் பழகிவிட்டு நெடுந்தூரம் போங்கள். அப்போது டிக்கியில் இருக்க வேண்டியது: ஃபேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், பெட்ரோல் பம்ப் கிட், கூடுதல் ஃபியூஸ், ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் 20டபிள்யூ-50 ஆயில், ஹைவேயில் வைக்கப் பிரதிபலிக்கும் முக்கோணம். கண்டென்சரை மட்டும் இரண்டாக வாங்குங்கள். இப்போது கடையில் கிடைப்பதில் புதிதாகவே வேலை செய்யாதவை கலந்திருக்கின்றன, ஆகவே இரண்டையும் வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகே டிக்கியில் வையுங்கள்.